அலாவுதீன் விளக்கு எரியும்போது

சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடியில் அணைந்துவிடும் சிவப்பு விளக்கு ஒன்று காரின் டேஷ்போர்டில் இருக்கிறது. மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம், நுனியில் ஒரு சொட்டு. டாக்ஸி ஓட்டுநர்கள் பலர் அதை அலாவுதீன் விளக்கு என்பார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் நம்மில் பலரும் நினைப்பது இதுதான்: "ஆயில் கம்மியாகியிருக்கும். அடுத்த பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் ஊத்திக்கலாம்." அந்த அடுத்த பங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் சீஸ் ஆன, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுபோன, இன்ஜின்கள் ஏராளம்.

அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தத்தைச் சொல்கிறது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன பிரஷர் ஸ்விட்ச் ஒன்று, அழுத்தம் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ.க்கு (ஒரு சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) கீழே இறங்கினால் விளக்கைப் போடுகிறது. டயருக்கு நாம் 32 வைக்கிறோம். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் 40 முதல் 60 வரை காட்டும். அதாவது இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்போதுதான் விளக்கு எரிகிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் அணைக்க வேண்டும்.

விளக்கு எரிந்து வண்டி பட்டறைக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுவது ஆயில் பம்பை. என் அனுபவத்தில் பம்ப் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். எப்போதும் ஆயிலில் மூழ்கியே ஓடுவதால் அதற்குத் தேய்மானம் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேறு ஏதாவது ஒன்று கெட்டு, பழி பம்பின் மேல் விழுகிறது. பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த வேறு எதையாவது தேடிப் பிடிப்பது எளிது.

இத்தனைக்கும் அந்த அழுத்தம் எதற்கு? 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டி அச்சின் பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. மரத்தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தால், ஒரு சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டியது. யாரும் அங்கே எண்ணெயை அழுத்தவில்லை. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்து, தனக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள குறுகும் சந்தில் ஆப்பு மாதிரி செருகி, அந்த ஆப்பின் மேல் தான் ஏறி மிதந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார்.

மழை நாளில் வேகமாகப் போகும் கார், தேங்கிய தண்ணீரின் மேல் ஏறி சாலையைத் தொடாமல் வழுக்குமே, அதே விஷயம்தான். சாலையில் அது ஆபத்து. பேரிங்கில் அதுதான் உயிர். பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆயில் படலம் இருக்கும்வரை அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆக, கிராங்கைத் தாங்கும் பெரிய அழுத்தத்தை கிராங்கே உண்டாக்கிக்கொள்கிறது. ஓரங்களில் கசிந்து வெளியேறும் ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயிலை ஓயாமல் கொண்டுவந்து சேர்ப்பதும், கூடவே பேரிங்கின் சூட்டைக் கழுவி எடுத்துப்போவதும்தான் பம்பின் வேலை. அந்த வரத்து நின்றால் படலம் நொடிக்கணக்கில் கிழியும்.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பே கிடையாது. கிராங்க் முனையில் இருக்கும் கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், சுழன்று ஆயிலை வாரி இறைக்கும். இறைத்ததில் கொஞ்சம் ஒரு குழாயில் பிடித்து முன்பக்கம் போகும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பதை அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. டர்போ இருந்தால் அதன் அச்சு லட்சத்துக்கு மேல் சுற்றுகிறது. இறைத்துவிட்ட ஆயிலை நம்பி அங்கே ஒன்றும் ஓடாது.

ஆயில் போகும் வழியைத் தஞ்சைப் பக்கத்துக்காரருக்குச் சொல்வது எளிது. இன்ஜினுக்கு அடியில் உள்ள சேம்பர்தான் ஏரி. சிறிய காரில் மூன்று, நாலு லிட்டர் கொள்ளும். அதன் அடிமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வலை தொங்குகிறது, அது ஸ்ட்ரெய்னர். அதன் வழியாகப் பம்ப் உறிஞ்சி ஃபில்டருக்குள் தள்ளுகிறது. ஃபில்டரைத் தாண்டியதும் பிளாக்கின் நீளத்துக்குத் துளைத்த தலைவாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் ஒரு மடை. அங்கிருந்து கிராங்க்குக்குள்ளேயே துளைத்த வழியில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்கு. இன்னொரு கிளை மேலே ஏறி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு: வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், டேப்பட், செயின் இருந்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். ஹெட்தான் கடைமடை.

ஏரியில் தண்ணீர் இருந்து, மதகும் திறந்திருந்தும் கடைமடை ஏன் காய்கிறது? வழியில் மடைகள் உடைந்து கண்டபடி வழிவதால். இன்ஜினிலும் அதே கதைதான். மெயின் பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால், ஆயில் அங்கேயே தாராளமாக வழிந்து சேம்பருக்குத் திரும்பிவிடும். மேலே கேமுக்குப் போய்ச் சேர்வது குறையும். அதனால்தான் அழுத்தம் குறைந்த இன்ஜினில் முதல் முனகல் பெரும்பாலும் மேலிருந்து கேட்கிறது: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நிற்காத டேப்பட் சத்தம், செயின் உரசும் சத்தம். கீழிருந்து 'டொக் டொக்' என்று கனமாக அடிக்கத் தொடங்கிவிட்டால் ராடு பேரிங் போய்விட்டது என்று பொருள். பிறகு இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பம்ப் தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எதிரே குறுகலான மடைகள் தடையாக நிற்பதால் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுவதும், விரலை எடுத்தால் தொளதொளவென்று விழுவதும் இதனால்தான். தேய்ந்த பேரிங் என்பது விரலை எடுத்த குழாய். அதற்குப் புதுப் பம்ப் மாட்டினால் ஓட்டம் சற்றுக் கூடி விளக்கு சில மாதம் அணைந்திருக்கும். நோய் அப்படியே இருக்கும்.

இனி பம்புக்குள் போகலாம். கிணற்று மோட்டாரில் இருப்பது விசிறி போன்ற சக்கரம். தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிறது. வெளிக்குழாயை மூடிவிட்டால் மோட்டார் உள்ளேயே தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கார் ஆயில் பம்ப் வேறு சாதி. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று அளந்து தள்ளும் வகை அது. வழியை மூடினால் எதையாவது உடைத்துக்கொண்டு போகும்.

பல கார்களில் இருப்பது ஜிரோட்டர் வகை. வளையம் ஒன்று, அதற்குள் மையம் தள்ளிப் பொருத்திய பல் சக்கரம் ஒன்று. உள்ளே இருப்பதற்கு நாலு பல் என்றால் வெளிவளையத்துக்கு ஐந்து பள்ளம். எப்போதும் ஒன்று கூடுதல். இரண்டும் ஒரே திசையில் சுற்றும்போது அவற்றுக்கிடையே உள்ள பைகள் ஒரு பக்கம் விரிகின்றன, மறுபக்கம் சுருங்குகின்றன. விரியும் பக்கம் ஆயிலை உறிஞ்சும், சுருங்கும் பக்கம் பிழிந்து தள்ளும். உள்ளே வால்வு எதுவும் இல்லை, திறந்து மூட ஒன்றுமில்லை. இவ்வளவு எளிமையான ஒன்று இவ்வளவு காலம் உழைப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. மாருதி ஜென், எஸ்டீம் காலத்து ஜி வரிசை இன்ஜின்களில் இந்தப் பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையிலேயே மாட்டியிருக்கும்; கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் பம்பும் ஒரு சுற்று. இரண்டு பல் சக்கரங்கள் அருகருகே கடித்துச் சுற்றும் பழைய வகையும் உண்டு. புதிய இன்ஜின்கள் பலவற்றில், தேவைக்கு ஏற்பத் தள்ளும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேன் பம்ப் வந்துவிட்டது. அதைக் கம்ப்யூட்டர் சொலினாய்டு என்ற மின்வால்வு வழியாக ஆட்டிவைக்கிறது. எரிபொருளைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு.

அளந்து தள்ளும் பம்ப் கிராங்கோடு சேர்ந்தே வேகம் எடுப்பதால், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, போதுமானது 5,000 சுற்றில் மிதமிஞ்சிப் போகும். அதற்காக ரிலீஃப் வால்வு என்று ஒரு குட்டிப் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 85 பி.எஸ்.ஐ. தொட்டால் அது விலகி, மிஞ்சிய ஆயிலைத் திருப்பி விடும். இந்தப் பிஸ்டனுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புத் துகள் சிக்கித் திறந்தபடி நின்றால், நல்ல பம்ப், நல்ல பேரிங், நல்ல ஆயில் எல்லாம் இருந்தும் அழுத்தம் ஏறாது. மூடியபடி சிக்கினால் ஃபில்டர் உப்பி வாஷர் பிதுங்கும்.

பம்ப் கெடுவதற்கு வழி வைப்பது பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம்தான். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் இருக்கும், மோட்டார் ஓடும், ஆனால் தண்ணீர் வராது. பார்த்தால் ஃபுட்வால்வு அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று வாங்கும். காரிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போகும். அந்தச் சந்து வழியே காற்று கலந்து வந்தால், பம்ப் தள்ளுவது பாதி ஆயில், பாதி நுரை. நுரை அச்சைத் தாங்காது.

சேம்பரில் கூடுதலாக ஆயில் ஊற்றினாலும் இதே நுரை வரும். கிராங்க்கின் எடைக்கட்டைகள் ஆயிலில் அடிபட்டு, மத்து வைத்துக் கடைந்தது போல் ஆகிவிடும். "ஒரு லிட்டர் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றுபவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் இரண்டு குறிகள் இருப்பதில் மேல் குறிக்கும் அர்த்தம் உண்டு.

ஸ்ட்ரெய்னர் அடைப்புக்கு மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, காலம் தாழ்த்தி மாற்றிய ஆயில் தார் மாதிரி கட்டி வலையில் படிவது. நகர நெரிசலில் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் இன்ஜின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். அதனால் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இரண்டாவது, பட்டறையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசி சேம்பரை மூடுவது. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, துண்டு துண்டாக உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது நம் ஊர் வேகத்தடைகள். பெயின்ட் அடிக்காத, எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாத தடையில் சேம்பர் அடிபடும். ஆயில் ஒழுகவில்லை என்றால் நிம்மதியாகப் போய்விடுகிறோம். ஸ்ட்ரெய்னர் சேம்பரின் அடிக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் தொங்குகிறது. தகடு உள்வாங்கி வலையை அடைத்தாலோ குழாயை வளைத்தாலோ, வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமலேயே பம்புக்கு ஆயில் கிடைக்காமல் போகும். அடிபட்ட அன்று விளக்கு எரியாது. வேகம் எடுக்கும் ஒருநாள் எரியும். சேம்பர் அடிபட்டால் வண்டியைத் தூக்கி, உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஃபில்டர் இருப்பது பம்புக்குப் பின்னால். ஆகவே இன்ஜினுக்குள் வடிகட்டாத ஆயிலைக் குடிக்கும் உறுப்பு பம்ப் ஒன்றுதான். வலைக்கண் வழியே நுழையும் உலோகப் பொடி எல்லாம் அதன் பற்களைக் கீறிக்கொண்டே போகிறது. பேரிங் போன இன்ஜினை ரீகண்டிஷன் செய்யும்போது பழைய பம்பையே கழுவி மாட்டுவதை நான் ஏற்பதில்லை. அந்தப் பேரிங்கின் பொடி முழுக்கப் பம்ப் வழியாகத்தான் போயிருக்கிறது. ரோட்டரின் பல் நுனி இடைவெளியையும் மேல்முகத்தின் இடைவெளியையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அகன்றாலே ஐடிலில் அழுத்தம் நிற்காது. மூடித் தகட்டில் விரல் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் புதுப் பம்ப்தான்.

பம்பைச் சுற்றுவது எது என்பதும் இப்போது ஒரு பெரிய கேள்வியாகிவிட்டது. சத்தத்தையும் உராய்வையும் குறைக்க, செயினுக்குப் பதிலாக ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட்டைச் சில நிறுவனங்கள் கொண்டுவந்தன. 2023 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,40,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 1 லிட்டர் இன்ஜின் கொண்ட 2016-18 ஃபோகஸ், 2018-22 ஈகோஸ்போர்ட் கார்கள் அவை. ஆயில் பம்பைச் சுற்றும் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் சிதையலாம். அப்படி ஆனால் ஆயில் அழுத்தம் போய் இன்ஜின் நின்றுவிடலாம், கூடவே பிரேக்கின் பவர் உதவியும் போய்விடலாம் என்பது காரணம். அமெரிக்காவில் விற்ற அந்த ஈகோஸ்போர்ட்கள் சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் தயாராகிக் கப்பலேறியவை. ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜினில் இன்னொரு விதமாக நடந்தது: கிராங்க்கையும் கேமையும் இணைத்துச் சுற்றும் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறிச் சிதைந்து, அதன் துகள்கள் ஸ்ட்ரெய்னரை அடைத்தன.

ஆயிலில் ஓடும் பெல்ட் உள்ள வண்டிக்கு, கையேட்டில் குறித்த தரத்து ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. விலை பார்த்து மாற்றினால், ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாத சேர்மானம் உள்ளே போய்விடலாம். இது எல்லா வண்டிக்கும் ஓரளவு பொருந்தும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் நல்லது" என்று ஊற்றினால், அழுத்தமானி அதிகம் காட்டும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடைமடைக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும். கெட்டியான ஆயிலைத் தள்ள முடியாமல் ரிலீஃப் வால்வு வழியே பாதி திரும்பிவிடும். பழைய, தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் விளக்கை அணைத்து வைக்கும் என்பது உண்மை. பேரிங்கின் தேய்மானத்தை அது சரிசெய்துவிடாது.

விளக்கு எரிந்து வண்டியை நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால் கதை எளிது. ஊற்றி, எங்கே போனது என்று தேட வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டியைக் கூப்பிடுவது நல்லது. ஆயில் அளவு முன்பைவிட ஏறி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஆயிலில் டீசல் கலந்து நீர்த்துப்போயிருக்கிறது, புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டி.பி.எஃப்.) உள்ள பி.எஸ். 6 டீசல் கார்களை நகரத்துக்குள்ளேயே குறுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு இது வரும்.

பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது, பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு அழுத்தமானியை (கேஜ்) மாட்டிப் பார்த்தீர்களா என்பது. பத்து நிமிட வேலை. கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் ஸ்விட்சோ ஒயரோதான் குற்றவாளி. சில நூறு ரூபாயில் முடியும். ஆறிய இன்ஜினில் நன்றாக இருந்து, சூடானபின் ஐடிலில் மட்டும் இறங்கினால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானம் பக்கம் யோசிக்க வேண்டும். எல்லா வேகத்திலும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர். ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூட்டக் கூட்ட முள் நடுங்கி இறங்கினால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு அல்லது காற்று. கேஜ் மாட்டாமலே "பம்ப் போச்சு சார்" என்று சொல்பவரிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இன்னொரு பாடம் நடத்தின. தண்ணீர் வடிந்தபின் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்தக் கலவையைப் பம்ப் தள்ளத்தான் செய்யும், விளக்கும் ஒருவேளை அணையும். ஆனால் அது பேரிங்கில் படலமாக நிற்காது. சேம்பரை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, தேவைப்பட்டால் அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும்.

பம்பை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், கூலிதான் அதிகம். கிராங்க் முனையில் இருக்கும் பம்புக்கு டைமிங் பெல்ட், சேம்பர் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே பெல்ட் மாற்றும் கெடு நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. முன்பக்க ஆயில் சீல், ஸ்ட்ரெய்னரின் ஓ-ரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடலாம். புதுப் பம்பை வறண்டபடி மாட்டக் கூடாது. ஏர் லாக் ஆன கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றுவது போல, ரோட்டரைச் சுற்றி ஆயில் நிரப்பி மாட்ட வேண்டும். விவரம் தெரிந்த மெக்கானிக் எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யமாட்டார். ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சில நொடி சுற்றுவார், நிறுத்துவார், மறுபடி சுற்றுவார். டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்தபிறகுதான் ஃப்யூஸைத் திரும்பச் செருகுவார்.